கருகல் இரண்டு, சாக்கு வாடை ஒன்று

நல்ல நெய்யை வெயிலில் வைத்துக் கெடுப்பதற்கு மாதச் சம்பளம் வாங்கிய மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். அவருடைய மகள் இன்றைக்கும் இதே ஊரில் குழந்தை குட்டிகளோடு இருக்கிறாள். கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷம் ஆகியிருந்தது. பெங்களூர் கண்டோன்மெண்ட் ஓரத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. துரை கப்பலேறிப் போய், நம்மவர் ஒருவர் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த புதிது. நான் அங்கே டைப்பிஸ்ட். அவர் சோதனை அறையில் கெமிஸ்ட். பிஸ்கட்டில் ஏதோ வாடை வருகிறது என்று கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினால், அது என்ன வாடை, எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு. அதை ருசி பார்த்துச் சொல்ல எங்களில் சிலரைப் பொறுக்கி எடுத்து ஒரு பேனல் அமைத்திருந்தார். உட்கார்ந்து தின்கிற கூட்டம் என்று மற்றவர்களுக்கு எங்கள்மேல் வயிற்றெரிச்சல். என்னத்தைத் தின்றோம் என்று தெரிந்திருந்தால் பாவப்பட்டிருப்பார்கள்.

கெட்டதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், கெட்டது முதலில் நாக்கில் பதிந்திருக்க வேண்டும். அதற்காகவே அவர் கெட்டதைத் தயாரித்தார். மொட்டைமாடியில் கண்ணாடி ஜாடிகளில் நெய்யை ஊற்றி, வாயில் மல்துணி கட்டி, வரிசையாக வெயிலில் வைப்பார். முழுக்கக் கெட்ட நெய்க்கு நம்பர் ஐந்து. அன்றைக்கு உருக்கிய நெய் பூஜ்யம். இரண்டையும் அளந்து கலந்து இடையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இதேபோல் மைதாவை இரும்புச் சட்டியில் வறுத்துக் கருகலில் ஐந்து படி. ஈரச் சாக்கில் மாவைக் கட்டிவைத்துச் சாக்கு வாடையில் ஐந்து படி. எங்கள் நாக்குகளைத் தீட்டுவதற்கு இவைதான் மாதிரிகள். "இந்த ஊர் வெயிலுக்கு நெய்கூட ஒழுங்கா கெட மாட்டேங்குது" என்று வானத்தைப் பார்த்து அலுத்துக்கொள்வார். தொழிற்சாலையில் அவருக்குக் கெட்டுப்போன சார் என்று பெயர். அது அவர் காதிலும் விழும். ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

பேனலில் நாங்கள் நாலு பேர். கன்னடக்கார ஸ்டோர்கீப்பர், சிவாஜிநகரிலிருந்து வரும் லாரி டிரைவர் பாய், வட ஆர்க்காட்டிலிருந்து வந்து குடியேறிய பேக்கிங் அம்மா, அப்புறம் நான். முதல் நாள் கெட்ட நெய்யை நாக்கில் தொட்டு வைத்ததும் நான் காறல் என்றேன். ஸ்டோர்கீப்பர் கமட்டு என்றார். பேக்கிங் அம்மா சிக்கு நாத்தம் என்றாள். பாய் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாஸ் மார்தா என்றார். எட்டிப் பார்த்த மேனேஜர் தன் பங்குக்கு ஏதோ இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் சேர்ந்து ஒரு சந்தைக்கடை. சார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பேரெல்லாம் அவரவர் வீட்டோடு இருக்கட்டும், இது எது மாதிரி இருக்கிறது, எந்த ஜாடி மாதிரி இருக்கிறது, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

எது மாதிரி? அந்த மனிதரை இந்த இரண்டு வார்த்தைக்குள் அடக்கிவிடலாம். தமிழில் சாம்பிளுக்கும் மாதிரி என்றுதான் பெயர், ஒன்றைப்போல் இன்னொன்று இருந்தாலும் மாதிரிதான். அவருக்கு இரண்டும் ஒன்றே. எதனோடும் ஒப்பிடாமல் ஒரு விஷயத்தைச் சொன்னால் அவர் காதில் ஏறாது. நல்லா இருக்கு, நல்லா இல்லை என்கிற பேச்சே சோதனை அறையில் கூடாது. "அதச் சொல்றதுக்கு வீட்ல ஆளுங்க இருக்காங்க. இங்க எது மாதிரின்னு சொல்லுங்க, போதும்" என்பார். எனக்குத் தலைவலி என்றால் எது மாதிரித் தலைவலி என்று கேட்பார். வெளியே தூறினால் எது மாதிரித் தூறல் என்பார். கடுப்பாக இருக்கும். ஆனால் பதில் தேட ஆரம்பித்துவிடுவோம், அதுதான் வேடிக்கை.

என்னைப் பெண் பார்க்க ஒருவர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன மறுநாள், மாப்பிள்ளை எது மாதிரி ஆள் என்று கேட்டார். எரிச்சலில் காய்ந்த ரொட்டி மாதிரி என்றேன். அவர் சிரிக்கவில்லை. நேற்றைய ரொட்டியா, முந்தாநாள் ரொட்டியா என்று அக்கறையாக விசாரித்தார். நேற்றைய ரொட்டிதான் என்றேன். "அப்டின்னா வாட்டி சாப்புடலாம். யோசிச்சுப் பாருங்க, டைப்பிஸ்டம்மா" என்றார். யோசித்துப் பார்த்தேன். இன்று வரை வாட்டித்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், குறையொன்றும் இல்லை.

ருசி பார்ப்பது சனிக்கிழமைகளில். அன்றைக்குப் பூ கூடாது, பவுடர் கூடாது, வெற்றிலை கூடாது, தலைக்குத் தேங்காயெண்ணெய் கூடாது. பேக்கிங் அம்மாவின் மாமியார் ஒருநாள் தொழிற்சாலை கேட்டுக்கே வந்துவிட்டாள். புருஷன் கல்லுக்குண்டாட்டம் இருக்கும்போது கட்டினவளைப் பூவில்லாமல் வேலைக்கு வரச்சொல்ல இவன் யார் என்று ஒரே சத்தம். அவர் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில், பூவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, போகும்போது வாங்கி வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. சனிக்கிழமைகளில் எங்கள் வாட்ச்மேன் கல்யாண வீடு மாதிரி மணப்பார்.

இன்னொரு கொள்கையும் அவருக்கு உண்டு. தான் தயாரித்ததைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்லமாட்டார். செய்தவன் நாக்கு சாட்சிக்கு ஆகாது என்பார். செய்யும்போதே இப்படித்தான் இருக்கும் என்று மனசு முடிவு கட்டிவிடும், நாக்கு அதற்கு ஆமாம் சாமி போடும் என்பது அவர் கருத்து. அதனால் அவருக்கு எங்கள் வாக்குத்தான் வாக்கு. ஒவ்வொருவராக ஜன்னலண்டை போய், மற்றவர் காதில் விழாமல் அவரிடம் சொல்ல வேண்டும். நாலு பேரும் ஒன்றையே சொன்னால், மேனேஜரே வந்து இல்லையென்றாலும் அவர் மாற்றிக்கொள்ளமாட்டார். என் வாழ்க்கையில் என் பேச்சை அவ்வளவு மரியாதையாக நம்பிய வேறு ஆள் இல்லை. என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் மனைவியை ஆயுதபூஜைக்குத் தொழிற்சாலையில் பார்த்திருக்கிறேன். கோலார் தங்கவயல் பெண். அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். பேச்சும் சிரிப்பும் கலகலவென்று இருக்கும், அவருக்கு நேர் எதிர். இடுப்பில் பெண் குழந்தை. வீட்டுச் சாப்பாட்டுக்கும் சார் நம்பர் போடுவாரா என்று கேட்டேன். "கல்யாணமான புதுசுல ஒரு நாளு போட வந்தாருக்கா. நான் கரண்டிய எடுத்துக் காட்டுனேன். அத்தோட சரி. இன்னா போட்டாலும் வாயத் தொறக்காம துன்னுட்டு எழுந்துப்பாரு" என்றாள். அவர் பக்கத்தில் நின்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். உலகத்தில் அவர் எதனோடும் ஒப்பிடாமல் விட்டுவைத்தது அவள் சமையல் ஒன்றைத்தான்.

இரண்டாவது பிரசவத்தில் அவள் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. அல்சூரில் அவர்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். அவர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். மூத்த பெண், நாலு வயது இருக்கும், பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், வந்தவர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தது. அம்மா தங்கவயலுக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள். எல்லா வீடுகளிலும் சொல்வதுதான். அப்போது யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

அவள் பிரசவத்துக்குப் போகுமுன், தான் படுக்கையில் கிடக்கும் நாட்களுக்கு ஆகும் என்று ஒரு பாட்டில் நிறையப் பருப்புப்பொடி இடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். பாப்பா சோற்றில் அதைப் பிசைந்து கொடுத்தால் மட்டும் சாப்பிட்டது. வேறு எதைக் கொடுத்தாலும் துப்பியது. வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த அவருடைய அக்கா பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியதைப் பார்த்துப் புதிதாகப் பொடி இடித்தார். குழந்தை வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிட்டது. பிறகு சாரும் தன் கையால் செய்து பார்த்தார். சிவாஜிநகர் மார்க்கெட்டில் பொறுக்கியெடுத்த முதல்தரப் பருப்பு, புது மிளகாய், பல் பெருத்த பூண்டு. அதையும் துப்பியது. இது அம்மா பொடி இல்லை என்று ஒரே பிடிவாதம். மாதிரிக்கு வேண்டுமே என்று சார் பாட்டிலில் மிச்சம் இருந்ததை எடுத்து ஒளித்துவைத்து, அம்மா பொடி தீர்ந்துவிட்டது என்று குழந்தையிடம் சொல்லிவிட்டார். பாலில் நனைத்த ரொட்டியில் நாள் ஓடியது. கை கால் குச்சியாகிவிட்டது. டாக்டர், இப்படியே போனால் ஒரு காய்ச்சலைக்கூட இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. அவர் வீட்டு விஷயம் பேசமாட்டார். ஒரு சனிக்கிழமை வழக்கமான பிஸ்கட் வேலை முடிந்த பிறகு, இன்னும் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, ஆளுக்கொரு கிண்ணத்தில் ஏதோ பொடி கொண்டுவந்து வைத்தார். என்ன, எங்கிருந்து என்று சொல்லவில்லை. சொல்லாமல் வைப்பதுதான் முறை. நாங்கள் ருசி பார்த்தோம். ஒவ்வொருவராக ஜன்னலண்டை போனோம். கருகல் இரண்டு, சாக்கு வாடை ஒன்று என்றேன். எண்ணெயில் காறல் லேசாக, ஒன்று சொல்லலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் தலையாட்டினார். எல்லோரும் அதையே சொல்லியிருக்கிறோம். கடைசியாகப் போன ஸ்டோர்கீப்பர் மட்டும் வாயை அடக்காமல் தன் கன்னடத் தமிழில் சத்தமாகச் சொன்னார்.

"யாரு சார் இத மாடுனது? நாய்கூட மோந்து பாக்காது. தூக்கி எறிங்க."

அவர் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் ஒட்டியிருந்த பொடியைக் கரண்டியால் சுரண்டி, திரும்பப் பாட்டிலில் போட்டார். சோதனைக்கு வைத்த சாமானைத் திரும்பப் போடுவது அங்கே பெரிய குற்றம். அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மூடியைத் திருகிவிட்டு, எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"எங்க வீட்ல செஞ்சதுங்க. போறதுக்கு முன்னால."

ஸ்டோர்கீப்பர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெரிய மீசைக்காரர், பொலபொலவென்று அழுதார். ஸ்டோர்கீப்பரைச் சமாதானப்படுத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? அவர்தான். தோளைத் தட்டிக்கொடுத்து, நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள், எனக்கு வேண்டியது அதுதான் என்றார். பிறகுதான் பாப்பாவின் கதையைச் சொன்னார். தான் எத்தனை தரம் ருசி பார்த்தும் அந்தப் பொடி எது மாதிரி என்று பிடிபடவில்லை என்றார். "என் வாய்க்கு அது அவ மாதிரிதான் இருக்குது. வேற எது மாதிரியும் இல்ல" என்றார். அப்போதும் அவர் குரல் உடையவில்லை. எங்களுக்குத்தான் உடைந்தது.

தப்பு எங்கே என்று அன்றைக்குத் தெரிந்தது. அவள் வாங்கியது ரேஷன் கடையின் உடைசல் பருப்பு, சாக்கிலேயே கிடந்து வாடையேறியது. கரி அடுப்பின் அனல் சொன்ன பேச்சைக் கேட்காது, பூண்டைத் தோலோடு போட்டுத் தீயவிட்டிருக்கிறாள். எண்ணெயும் பழையது. இருக்கிற சம்பளத்தில் குடும்பம் நடத்தினவள் கை அது. அவரோ தாயில்லாப் பிள்ளைக்கு உலகத்திலேயே நல்லதாகச் செய்ய வேண்டும் என்று முதல்தரமாகப் பொறுக்கிப் பொறுக்கிச் செய்தார். ஊருக்கெல்லாம் கெட்டதைச் செய்து கொடுத்தவருக்குத் தன் பிள்ளைக்கு என்று வந்தபோது கை கெட்டதன் பக்கம் போகவில்லை. நான் அவராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எங்களுக்கு இரண்டு வேலை. பாட்டிலில் மிச்சம் இருந்ததும் வாரா வாரம் மாறிக்கொண்டே வந்தது. காறல் ஒன்று இரண்டாகியது, இரண்டு மூன்றாகியது. அதைக் கூட்டிக் கழிக்க வேண்டாம், முதல் நாள் உங்கள் வாயில் பதிந்ததுதான் இனிமேல் மாதிரி, அதை விட்டுவிடாதீர்கள் என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி நான் மீன் சாப்பிடுவதை விட்டேன். பாய் பீடியை நிறுத்தினார். சார் சோதனை அறைக்கென்று, வீட்டில் இருப்பது போலவே ஒரு கரி அடுப்பு வாங்கினார். ரேஷன் கடையில் வரிசையில் நின்று, வாடையடிக்கிற பருப்பாகப் பார்த்துக் கொடு என்று கேட்டு வாங்கி, கடைக்காரனிடம் பைத்தியக்காரப் பட்டம் வாங்கினார். நாங்கள் கருகல் ஜாஸ்தி என்போம், சாக்கு போதாது என்போம். அவர் தலையாட்டிவிட்டுப் போவார்.

ஒரு சனிக்கிழமை வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலண்டை போய் நம்பர்களைச் சொல்லிவிட்டு, இதேதான் சார் என்றேன். மற்ற மூன்று பேரும் அதையே சொன்னார்கள். பேக்கிங் அம்மா சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அவர் டப்பாவைக் காகிதத்தில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். பரீட்சை முடிவு தெரியப்போகிற பிள்ளைகள் மாதிரி நாங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தோம்.

திங்கட்கிழமை அவர் என் மேஜைக்கு வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது. சாப்பிட்டாளா என்று கேட்டேன்.

"தட்ட வழிச்சு சாப்புட்டா. இன்னும் வேணும்னு கேட்டு சாப்புட்டா. அப்பறம் கைகூட கழுவாம சமையக்கட்டுக்குள்ள போனா. கதவுக்குப் பின்னால பாத்தா. அரிசி டின்னுக்குப் பின்னால பாத்தா. என்கிட்ட வந்து, அம்மா எங்க ஒளிஞ்சிக்கிச்சின்னு கேக்குறா, டைப்பிஸ்டம்மா."

எங்கள் நாலு பேருக்கும் உறைக்காத விஷயம் அது. அம்மா பொடி வந்துவிட்டால் அம்மாவும் வந்துவிட்டாள் என்றுதானே அந்தக் குழந்தைக்கு அர்த்தம்.

அந்த வாரம் முழுக்க அப்படியேதான். குழந்தை ஒவ்வொரு வேளையும் ஆசையாகச் சாப்பிடும், சாப்பிட்டதும் தேடும். கட்டிலுக்குக் கீழே, குளியலறையில், பக்கத்து வீட்டில். தேடிக் களைத்து வாசற்படியில் உட்கார்ந்து, அம்மா இனிமே விளையாட்டு போதும் வா என்று கூப்பிடுமாம். பொடியை நிறுத்தினால் சாப்பிடாது. கொடுத்தால் தேடும். அம்மா இனி வரமாட்டாள் என்று அவர் ஒருநாள் மடியில் வைத்துச் சொல்லியும் பார்த்தார். பொய், இப்பத்தானே சமைச்சுது என்றது குழந்தை.

சனிக்கிழமை எங்கள் நாலு பேரையும் நிற்கவைத்துத் தன் முடிவைச் சொன்னார். பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தப்போகிறார். வாரத்துக்கு ஒரு துளி சாக்கு வாடை குறையும், ஒரு துளி கருகல் குறையும். போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று நாங்கள் சத்தியமாகச் சொன்னால்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார். குழந்தை சாப்பிடுவதை நிறுத்தக்கூடாது, ஆனால் அம்மா கையிலிருந்து அப்பா கைக்கு வந்துவிட வேண்டும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவங்க ஞாபகம்னு அந்தக் குழந்தைக்கு இருக்கிறது இது ஒண்ணுதான் சார். அதையும் நாமளே அழிக்கறதா? பாவம் இல்லையா?"

"பாவந்தான்" என்றார். "ஆனா தெனமும் மூணு வேள அவ அம்மாவப் பறிகுடுக்குறா. ஒரு வாட்டி குடுத்தாப் போதாதா?"

நான் கிண்ணத்தை எடுத்தேன்.

வாராவாரம் ருசி பார்த்தோம். வித்தியாசம் தெரியவில்லை என்றோம். அது நிஜமும்கூட, தெரியவில்லைதான். அவ்வளவு சின்னச் சின்னப் படிகளாக இறங்கினார். அவர் கைக்கு அது புதிதில்லை, படிப்படியாகக் கெடுத்துப் பழகிய கை, இப்போது படிப்படியாகத் திருத்தியது. முதலில் பாப்பா சமையலறை முழுக்கத் தேடுவதை விட்டது. பிறகு கதவுக்குப் பின்னால் மட்டும் பார்த்தது. பிறகு இருந்த இடத்திலிருந்தே கதவைத் திரும்பிப் பார்த்தது. ஒருநாள் அவர் வந்து, "இன்னிக்கு சாப்புட்டுட்டு பாண்டி விளையாடப் போயிட்டா. திரும்பிக்கூட பாக்கல" என்றார். சந்தோஷச் செய்திதான். சொல்லிவிட்டு மாடிக்குப் போனவர் வெகுநேரம் இறங்கவில்லை. நான் ஏறிப் பார்த்தேன். நெய் ஜாடிகளுக்கு நடுவில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சத்தம் வராமல் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மனைவி செத்த அன்றைக்கு அழாத அழுகை அது. நான் இறங்கி வந்துவிட்டேன்.

கடைசியில் பொடி எல்லாவற்றிலும் பூஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. முதல்தரப் பருப்பு, பதமான வறுப்பு, ஒரு குறை சொல்ல முடியாத பொடி. குழந்தை அதைத் தட்டு வழித்துச் சாப்பிட்டது. உடம்பு தேறியது. அம்மா செத்துப்போனதை அப்போது எடுத்துச் சொன்னார், அப்போது அதற்குப் புரிந்தது. அவள் பாட்டிலில் அடியில் கிடந்தது காறி, வாயில் வைக்க முடியாமல் போயிருந்தது. கழுவிக் கவிழ்த்துவிட்டதாகச் சொன்னார்.

வருஷங்கள் ஓடின. எனக்குக் கல்யாணமாகி, வேலையை விட்டுவிட்டேன். பாய் தவறிவிட்டார். ஸ்டோர்கீப்பர் ஓய்வு பெற்று ஷிமோகா பக்கம் மகனோடு போய்விட்டார். பேக்கிங் அம்மா எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை. அறுபதுகளின் கடைசியில் ஒருநாள் அவர் வீட்டிலிருந்து சாப்பிட வரச் சொல்லி ஆள் வந்தது. பாப்பா பி.ஏ. பாஸ் செய்திருந்தாள். அம்மாவின் அதே கலகலப்பு. தானே சமைத்திருந்தாள். எனக்குச் சோறு போட்டு, நெய் விட்டு, ஒரு பாட்டிலைத் திறந்து பொடி போட்டாள்.

"இது அம்மாவோட பொடி, ஆன்ட்டி. சின்ன வயசுலேர்ந்து இதுதான் சாப்பிடறேன். அப்பாதான் சொல்லிக் குடுத்தார். எனக்கு அம்மா முகம்கூட ஞாபகம் இல்ல, இது ஒண்ணுதான் இருக்கு. அம்மா செஞ்சத நீங்க சாப்பிட்டிருக்கீங்களாமே. இப்படித்தானே இருக்கும்?"

பிசைந்து வாயில் வைத்தேன். கருகல் பூஜ்யம், சாக்கு பூஜ்யம், காறல் பூஜ்யம். அந்தப் பெண்ணின் அம்மா அதில் ஒரு துளிகூட இல்லை. எதிரில் அவர் தட்டைப் பார்த்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். சோற்றில் கை அசையவில்லை.

"இதேதாம்மா" என்றேன். பொய்தான். அதற்காக எனக்கு வருத்தம் கிடையாது. அவள் கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டு இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

என்னைப் பஸ் ஏற்றிவிட அவர் கூட வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பெண்ணுக்காகச் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அல்சூர் கடைத்தெருவைத் தாண்டிக் கூடவே நடந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றதும் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு மறந்துபோச்சுங்க, டைப்பிஸ்டம்மா. நானே செஞ்சு, நானே தெனமும் சாப்புட்டு, அவளோடது எப்படி இருந்துச்சுன்னு வாயில வரவே மாட்டேங்குது. எத்தினி வருஷமா நெனச்சுப் பாக்குறேன், வரல. பொடிய அவ கைய விட்டு எங்கியோ கொண்டுபோயிட்டேன்னுதான் நெனச்சிருந்தேன். நீங்க இதேதான்னு சொன்னீங்களே." ஒரு அடி கிட்டே வந்தார். "அப்போ நான் ரொம்ப தூரம் கொண்டுபோகலயா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பேனலில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். என் வாக்கை ஒருநாளும் மறுத்துப் பேசாத மனிதர், கை இரண்டையும் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பதுபோலவே நின்று காத்திருந்தார்.

"இல்ல சார்" என்றேன். "அங்கியேதான் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக்கூடத் தோன்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் வழிந்தது. பஸ் வந்து நின்றது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்து, குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அப்படின்னா இனிமே சாப்புடறப்போ அவள நெனச்சுக்கலாம்."